கன்ட்ரோலர் போன பிறகும் துடிக்கும் இதயம்

செமஸ்டர் கடைசி எக்ஸாம் முடிஞ்ச அன்னைக்கு சாயங்காலம் ஹாஸ்டல்ல ஒரு கேள்வி வரும்: "மச்சி, நாளைக்கு ஏற்காடு?" சேலத்துல இருந்து சுமார் 30 கிலோமீட்டர். அடிவாரம் தாண்டினா இருபது கொண்டை ஊசி வளைவுகள். மேலே போய்ச் சேரும்போது கடல் மட்டத்துக்கு மேல் 1,500 மீட்டர் அளவில் சேர்வராயன் மலையில் இருப்போம். ஏறும்போது வண்டி திணறும், அவ்வளவுதான். ஆபத்து இறங்கும்போதுதான். நியூட்ரல்ல விட்டு, பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினா, நாலைஞ்சு வளைவிலேயே பிரேக் சூடாகிப் பிடிப்பு குறையும். தெர்மல் பேப்பர் படிச்ச நமக்கே இது மறந்துபோகுது. 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கிய ஒரு தனியார் பஸ் 13ஆவது வளைவில் கவிழ்ந்ததை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீங்க. அது செய்தியானதால் தெரிஞ்சது. பைக் விழுந்தா அது உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரி.

இந்த ரோட்டில் தலையில் பலமாக அடிபட்டவரை 108 பெரும்பாலும் சேலம் ஜிஹெச்சுக்குத்தான் கொண்டுபோகும், அதாவது அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. அங்கேயோ வேறு எந்தப் பெரிய மருத்துவமனையிலோ, ஐசியு வாசலில் நிற்கும் ஒரு அப்பாவிடம் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ டாக்டர் ஒரு வார்த்தை சொல்ல நேரலாம்: மூளைச்சாவு. அப்பா கண்ணாடி வழியா எட்டிப் பார்க்கிறார். பையனோட நெஞ்சு ஏறி இறங்குது. மானிட்டரில் இதயத் துடிப்பு ஓடுது. கையைத் தொட்டா சூடா இருக்கு. "சார், உயிரோடதானே இருக்கான்?"

இந்தக் கேள்விக்கு நமக்குப் பதில் தெரியணும். அடிபடுவதில் பெரும் பங்கு நம்ம வயசு. அந்த வாசலில் அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல வேண்டிய "படிச்ச பையன்", "படிச்ச பொண்ணு" அநேகமா நாமதான்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்குவோம். நம்ம சினிமா கோமாவையும் மூளைச்சாவையும் ஒரே கட்டிலில் படுக்க வெச்சுடுச்சு. கோமாவில் மூளை அடிபட்டிருக்கு, ஆனா உயிரோட இருக்கு. மூளைத்தண்டு வேலை செய்யலாம், தானாக மூச்சு இருக்கலாம், சிலர் எழுந்தும் வரலாம். மூளைச்சாவில் மூளைத்தண்டு உட்பட எல்லாமே நிரந்தரமா நின்னுடுச்சு. அதிலிருந்து யாரும் திரும்பி வந்ததில்லை. இருபது வருஷம் கழிச்சு ஹீரோ விரலை அசைக்கிற காட்சி மூளைச்சாவுக்குப் பொருந்தாது.

எப்படி இது நடக்குது என்பதை நம்ம மொழியிலேயே பார்க்கலாம். மண்டையோடு ஒரு ரிஜிட் கன்டெய்னர். உள்ளே மூளை, ரத்தம், மூளைத் தண்டுவடத் திரவம் என்று மூணே சரக்கு. மொத்தக் கொள்ளளவு மாறாது. அடிபட்ட மூளை வீங்கினா, அல்லது உள்ளே ரத்தம் கட்டினா, மத்த இரண்டும் இடம் விட்டுக் கொடுக்கணும். கொஞ்ச தூரம் கொடுக்கும். அதுக்கு மேல முடியாதபோது உள்ளழுத்தம் சட்டுன்னு செங்குத்தா ஏறும். மூளைக்கு ரத்தத்தைத் தள்ளுகிற நிகர அழுத்தம் என்பது சராசரி ரத்த அழுத்தத்திலிருந்து இந்த மண்டை உள்ளழுத்தத்தைக் கழித்தால் வருவது. சாதாரணமா 90 கழித்தல் 10, அதாவது 80 மில்லிமீட்டர் பாதரசம். உள்ளழுத்தம் 90 ஆகிவிட்டால்? விடை பூஜ்யம். இதயம் எவ்வளவு நல்லா பம்ப் பண்ணினாலும் மூளைக்குள் ரத்தம் போகாது. ரத்தம் போகாத மூளை நிமிஷக்கணக்கில் சாகும். வீங்கிய மூளை கீழே இருக்கும் ஒரே பெரிய துளை வழியாக இறங்கி, மூளைத்தண்டை நசுக்கிவிடும்.

அப்போ இதயம் மட்டும் எப்படி ஓடுது? இதயத்துக்குச் சொந்த ஆஸிலேட்டர் இருக்கு. வலது மேலறையில் இருக்கும் அந்தச் சின்ன முடிச்சு, மூளையிடமிருந்து கட்டளை வராவிட்டாலும் தானாகவே பல்ஸ் உண்டாக்கும். அதுக்குத் தேவை ஆக்சிஜனும் ரத்த அழுத்தமும் மட்டும்தான். நுரையீரலுக்கு அப்படி ஒரு வசதி கிடையாது. ஒவ்வொரு மூச்சுக்கும் மூளைத்தண்டிலிருந்து ஆர்டர் வரணும். கண்ணாடி வழியா அப்பா பார்த்த அந்த நெஞ்சு அசைவு வென்டிலேட்டருடையது. மெஷின் வர்றதுக்கு முந்தைய காலத்தில் மூளைத்தண்டு செத்தா மூச்சு நிற்கும், சில நிமிஷத்தில் இதயமும் நிற்கும், குழப்பத்துக்கே இடமில்லாமல் இருந்தது. வென்டிலேட்டர் வந்த பிறகுதான் இந்த இரண்டு சாவுக்கும் நடுவில் ஒரு இடைவெளி உண்டாச்சு. 1959ல் பிரான்ஸில் மொல்லாரே, கூலோன் என்ற இரண்டு டாக்டர்கள், கோமாவையும் தாண்டிய நிலை என்று இதை முதலில் எழுதினார்கள். 1968ல் ஹார்வர்டு குழு இதற்கான அளவுகோல்களை வகுத்தது. இந்தியாவில் 1994ஆம் வருஷத்து மனித உறுப்பு மாற்றுச் சட்டம்தான் "மூளைத்தண்டுச் சாவு" என்பதை அங்கீகரித்தது.

யார் முடிவு பண்றாங்க, ஒருத்தர் தப்பா முடிவு பண்ணிட்டா என்ன ஆகும் என்பதுதான் எல்லாருக்கும் வர்ற அடுத்த பயம். சட்டம் இதை ஒருத்தர் கையில் கொடுக்கவில்லை. நாலு டாக்டர்கள் கையெழுத்துப் போடணும்: மருத்துவமனைப் பொறுப்பில் இருப்பவர், அரசு ஒப்புதல் பெற்ற பட்டியலிலிருந்து ஒரு நிபுணர், ஒரு நரம்பியல் நிபுணர் (இல்லாத ஊரில் மயக்கவியல் அல்லது தீவிர சிகிச்சை நிபுணர் போல ஒருவர்), சிகிச்சை கொடுக்கும் டாக்டர். உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்யும் டீமில் இருக்கும் யாருக்கும் இதில் இடமில்லை. எல்லாச் சோதனைகளையும் ஒருமுறை செய்து, குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து மறுபடி முழுசா செய்யணும்.

சோதனைக்கு முன்னாலேயே ஒரு வடிகட்டல் இருக்கு. மூளை ஏன் சேதமானது என்பதற்குக் காரணம் ஸ்கேனில் தெளிவாகத் தெரியணும். மயக்க மருந்து, தசையைத் தளர்த்தும் மருந்து, உடல் ரொம்பக் குளிர்ந்துபோவது, ரத்தச் சோடியம், சர்க்கரை தாறுமாறாக இருப்பது எல்லாமே மூளைச்சாவு மாதிரி வேஷம் போடும். இதில் நம்ம மலைப்பக்கத்துக்கு முக்கியமான ஒன்று கட்டுவிரியன். ராத்திரி தூக்கத்தில் கடிச்சிருக்கும், காயமே தெரியாது. காலையில் கண் இமை தொங்கி, மூச்சு நின்று, கண்மணி விரிந்து, எந்த அசைவும் இல்லாமல் ஆள் கிடப்பார். பார்த்தா மூளைச்சாவு. ஆனா விஷம் நரம்பும் தசையும் சேரும் இடத்தை மட்டுமே அடைச்சிருக்கு, மூளை முழிச்சிருக்கலாம். வென்டிலேட்டரில் வெச்சு சிகிச்சை கொடுத்தா சில நாளில் எழுந்து உட்காரும் கேஸ்கள் இந்திய மருத்துவ இதழ்களில் நிறைய பதிவாகியிருக்கு. அதனால்தான் "காரணம் தெரியாமல் சோதனையே கிடையாது" என்பது முதல் விதி. (எஸ்டேட் பக்கம் டென்ட் போட்டுத் தரையில் படுக்கிற நண்பர்கள் இதைத் தனியாகவும் படிச்சுக்கலாம்.)

சோதனைகள் எல்லாமே மூளைத்தண்டை மேலிருந்து கீழாகத் தட்டிப் பார்ப்பதுதான். கண்ணில் டார்ச் அடிச்சா கண்மணி சுருங்குதா? விழியைப் பஞ்சால் தொட்டா இமை மூடுதா? தலையை இடம் வலம் திருப்பினா விழி எதிர்ப்பக்கம் நகருதா? காதுக்குள் 50 மில்லி ஐஸ் தண்ணீர் விட்டா கண் அசையுதா? முகத்தில் வலி கொடுத்தா சுளிப்பு வருதா? தொண்டைக்குள் குழாய் போனா குமட்டலோ இருமலோ வருதா? ஒன்றே ஒன்றுக்கு "ஆமா" வந்தாலும் அது மூளைச்சாவு இல்லை.

கடைசிச் சோதனை நம்ம ஆட்களுக்குப் பிடிக்கும். மூச்சு என்பது ஒரு ஃபீட்பேக் லூப். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறினா மூளைத்தண்டு சென்ஸ் பண்ணி மூச்சை இழுக்கச் சொல்லும். இதைச் சோதிக்க, முதலில் நூறு சதவீத ஆக்சிஜன் கொடுத்து ரத்தத்தை நிரப்பிக்கிறாங்க. பிறகு வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு, ஒரு மெல்லிய குழாய் வழியா ஆக்சிஜன் மட்டும் விட்டு, நெஞ்சை வெறும் கண்ணால் பார்த்துக்கிட்டே நிற்கிறாங்க. கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் நிமிஷத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வீதம் ஏறும். 40ல் தொடங்கினா 60ஐத் தாண்ட ஏழெட்டு நிமிஷம் ஆகும். உயிருள்ள எந்த மூளைத்தண்டும் இந்த அளவுக்குச் சும்மா இருக்காது. 60 தாண்டியும் ஒரு சின்ன மூச்சு முயற்சிகூட இல்லையென்றால், அந்த லூப்பில் கன்ட்ரோலர் இல்லை. இதையும் இரண்டு முறை செய்றாங்க.

குடும்பத்துக்குச் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இங்கே இருக்கு. மூளைச்சாவு அடைந்தவரின் கால் விரல் திடீர்னு மடங்கலாம், சில நேரம் கை நெஞ்சு வரைக்கும் தூக்கலாம். அது முதுகுத்தண்டின் அனிச்சை. தண்டுவடம் மூளைத்தண்டுக்குக் கீழே இருக்கும் தனிச் சர்க்யூட். மெயின் போர்டு போனாலும் கொஞ்ச நேரம் ஓடும். இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால், "அசைஞ்சான், நான் பார்த்தேன்" என்று ஒரு அம்மா சொல்லும்போது அந்த வார்டில் யாராலும் பதில் பேச முடியாமல் போகுது.

இரண்டாவது சோதனையும் முடிஞ்சு படிவம் 10ல் நாலு கையெழுத்தும் விழுந்துட்டா, சாவு உறுதி. அதுக்குப் பிறகுதான் குடும்பத்திடம் தானம் பற்றிப் பேசணும். பேசுறவர் பெரும்பாலும் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர். குடும்பம் சம்மதிச்சா படிவம் 8. இதுவரை நமக்கு ஓரளவு தெரிஞ்ச கதை. சம்மதம் சொன்ன நிமிஷத்திலிருந்து ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் நடக்கிறதுதான் யாரும் எழுதாத பகுதி. காத்திருப்போர் பட்டியலில் ஆள் தேடணும், ரத்தப் பொருத்தம் பார்க்கணும், வெளியூர் டீம்கள் வரணும். பன்னிரண்டு மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். அவ்வளவு நேரமும் கன்ட்ரோலர் இல்லாத ஒரு உடம்பை ஐசியு நர்ஸ்களும் டாக்டர்களும் மேனுவல் மோடில் ஓட்டணும்.

அது எவ்வளவு கஷ்டம் என்று பாருங்க. மூளைத்தண்டு சாகும் தறுவாயில் உடம்பெங்கும் அட்ரினலின் கொட்டும். ரத்த அழுத்தம் எகிறும், இதயம் படபடக்கும், நுரையீரலில் நீர் கோர்க்கும். இந்தப் புயல் கொஞ்ச நேரம்தான். அடுத்து நேர் எதிர்: ரத்தக் குழாய்களைச் சுருக்கிப் பிடிச்சு வெச்சிருந்த கட்டளை மொத்தமும் நின்றுபோகுது. குழாய்கள் தளர்ந்து அழுத்தம் தரைக்கு வரும். விட்டா சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் ரத்தமில்லாமல் கெடும், இதயமும் நின்றுடும். சலைன் கொடுத்து, போதலைன்னா வாசோபிரசின், நார்அட்ரினலின் சொட்டுச் சொட்டா ஏத்தி, அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தணும். சலைனை அளவுக்கு மேல ஊத்தினா நுரையீரல் நனைஞ்சு வீணாகும். குறைச்சா சிறுநீரகம் காயும். ஒரே உடம்பில் இரண்டு உறுப்புக்கு எதிரெதிர்த் தேவை. ஆப்டிமைசேஷன் என்று நாம் பேப்பரில் எழுதுவதை இவங்க ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டில் பக்கத்தில் நின்று செய்றாங்க.

இன்னொரு விசித்திரம். நார்மலா இதயத் துடிப்பு ரொம்பக் குறைஞ்சா அட்ரோபின் போடுவாங்க. இங்கே அது வேலை செய்யாது. அட்ரோபினுடைய வேலை, மூளைத்தண்டிலிருந்து வேகஸ் நரம்பு வழியா வர்ற பிரேக்கை விடுவிப்பது. பிரேக் பிடிக்கிற ஆளே இல்லாதபோது எதை விடுவிக்கிறது?

அடுத்தது தண்ணீர். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, சிறுநீரை அளவாக வைக்கும் ஹார்மோனை விடுவதை நிறுத்திடும். 60 கிலோ ஆளுக்கு மணிக்குச் சுமார் 60 மில்லி போக வேண்டிய சிறுநீர் 240, 500 என்று தண்ணி மாதிரி கொட்டத் தொடங்கும். உடம்பு வறண்டு ரத்தச் சோடியம் ஏறும். 155ஐத் தாண்டிப் போன சோடியம் கல்லீரலுக்கு ஆகாது. பொருத்திய இடத்தில் அது சரியா வேலை செய்யாமல் போகும் ஆபத்து கூடும். அதனால் மணிக்கு ஒருமுறை சிறுநீர் அளந்து, போன அளவுக்கு ஈடு கொடுத்து, டெஸ்மோபிரசின் போட்டு அந்தக் குழாயை மூடணும்.

உடம்புச் சூடும் போகும். நடுங்குவதற்கும் வியர்ப்பதற்கும் ஆணையிடும் தெர்மோஸ்டாட் மூளையில்தான் இருந்தது. இப்போ உடம்பு ஏசி அறையின் வெப்பநிலையை நோக்கி மெல்ல இறங்கும். சூடான காற்று ஊதும் போர்வை, சூடாக்கிய சலைன் எல்லாம் வேணும். அந்த அப்பா தொட்டுப் பார்த்த சூடு ஒரு நர்ஸ் கவனமா தக்க வெச்சிருக்கும் சூடு. இதோட ரத்தச் சர்க்கரைக்கு இன்சுலின், வீக்கத்தைத் தணிக்க மீதைல்பிரெட்னிசோலோன், இதயம் சோர்ந்திருந்தா சில இடங்களில் தைராய்டு ஹார்மோன். கண் விழி காய்ந்துபோகாமல் சொட்டு மருந்து விட்டு இமையை மூடி வைப்பது வரைக்கும் லிஸ்ட் நீளும்.

நுரையீரலைப் பற்றித் தனியாச் சொல்லணும், ஏன்னா அது ஒரு நல்ல இன்ஜினியரிங் பாடம். முன்னெல்லாம் தானம் கொடுப்பவருக்குப் பெரிய பெரிய மூச்சாகத் தள்ளுவாங்க. 2010ல் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் நடந்த ஆய்வில், மூச்சின் அளவை உயரத்துக்கேற்ற கிலோவுக்கு 6 முதல் 8 மில்லி என்று குறைச்சு, வெளிமூச்சின் முடிவில் கொஞ்சம் அழுத்தம் விட்டுவெச்சுப் பார்த்தாங்க. எடுத்துப் பொருத்த முடிந்த நுரையீரல்களின் பங்கு 27 சதவீதத்திலிருந்து 54 ஆச்சு. புது மருந்து, புது மெஷின் எதுவும் இல்லை. நாபைத் திருகினதுதான்.

இவ்வளவையும் ஞாபகம் வெச்சுக்க ஐசியுவில் "நூறு விதி" என்று ஒன்று சொல்வாங்க: மேல் ரத்த அழுத்தம் நூறுக்கு மேல், சிறுநீர் மணிக்கு நூறு மில்லி அளவில், ரத்த ஆக்சிஜன் அழுத்தம் நூறுக்கு மேல், ஹீமோகுளோபின் லிட்டருக்கு நூறு கிராம். சில நேரம் முதல் எக்கோவில் இதயம் மந்தமாக இருக்கும். அட்ரினலின் புயலில் அது அதிர்ந்துபோயிருக்கலாம். நல்லா பராமரிச்சு சில மணி நேரம் கழிச்சுப் பார்த்தா தேறியிருக்கும். முதல் எக்கோவோட விட்டிருந்தா ஒரு இதயம் போயிருக்கும். குடும்பம் சொன்ன "சரி" என்ற வார்த்தை எத்தனை பேருக்குப் போய்ச் சேரும் என்பதை இந்த இரவுதான் தீர்மானிக்குது.

அப்புறம் கடிகாரம். ஐஸில் வெச்ச இதயம் நாலு மணி நேரத்துக்குள் அடுத்தவர் நெஞ்சில் துடிக்கணும். நுரையீரலுக்கு ஆறு மணி நேரம் வரை, கல்லீரலுக்குச் சுமார் பன்னிரண்டு, சிறுநீரகத்துக்கு ஒரு நாளுக்கும் மேல். இப்போ சேலத்தை மேப்பில் வையுங்க. சென்னை சுமார் 340 கிலோமீட்டர், கோவை 165 அளவில். இதயம் சென்னைக்கு ரோட்டில் போனா பயணத்திலேயே நேரம் தீர்ந்துடும், தைக்க நேரமிருக்காது. ஆகாய வழி கிடைக்கணும், இல்லை பக்கத்து நகரத்தில் பொருத்தமானவர் இருக்கணும். சிறுநீரகத்துக்கு இந்தக் கவலை இல்லை, கோவைக்கு ஆம்புலன்ஸ்லயே நிதானமா போகலாம்.

தமிழ்நாட்டில் இந்தக் கடிகாரத்தை எல்லாரும் முதல்முதலா பார்த்தது 2008 செப்டம்பரில். திருக்கழுக்குன்றத்தில் டாக்டர்களான அசோகன், புஷ்பாஞ்சலி தம்பதியின் 15 வயது மகன் ஹிதேந்திரன் பைக் விபத்தில் சிக்கி, சென்னையில் மூளைச்சாவு அடைந்தார். பெற்றோர் தாங்களாகவே முன்வந்து தானம் கொடுத்தாங்க. தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு அந்த இதயத்தை, போலீஸ் வழி ஒதுக்கிக் கொடுக்க, 11 நிமிஷத்தில் கொண்டுபோனாங்க. அங்கே ஒன்பது வயதுச் சிறுமிக்கு அது பொருத்தப்பட்டது. மலையாள "டிராஃபிக்", தமிழில் "சென்னையில் ஒரு நாள்" எல்லாம் அதிலிருந்து வந்ததுதான். படம் முழுக்க வண்டிதான் ஹீரோ. அந்த 11 நிமிஷத்துக்கு முன்னால் ஐசியுவில் போன மணி நேரங்களை யாரும் படமாக்கலை, எடுத்தா ஓடவும் ஓடாது.

அதே வருஷம் அரசு மூளைச்சாவு தானத் திட்டத்தை ஒழுங்குபடுத்தியது. இப்போ டிரான்ஸ்டான் என்கிற மாநில ஆணையம்தான் பட்டியலை வெச்சு யாருக்கு எந்த உறுப்பு என்று ஒதுக்குது. 2023ல் தமிழ்நாட்டில் 178 பேர் மூளைச்சாவுக்குப் பின் தானம் கொடுத்தாங்க, 2024ல் 268. இந்தியாவில் முன்னணி எண்ணிக்கை. ஆனா நாடு முழுக்கக் கணக்குப் போட்டா பத்து லட்சம் பேருக்கு ஒருவர்கூட வரலை. ஸ்பெயினில் கிட்டத்தட்ட ஐம்பது.

நல்லதை மட்டும் சொல்லிட்டுப் போனா நீங்க நம்ப மாட்டீங்க, நம்பவும் கூடாது. 2018 மே மாதம், கள்ளக்குறிச்சி பக்கம் கார் விபத்தில் சிக்கிய பாலக்காட்டு இளைஞர் ஒருவர் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூளைச்சாவு அடைந்தார். சிகிச்சைப் பணத்தைக் காட்டி உறுப்புகளை எடுத்துக்கிட்டாங்க என்று குடும்பம் புகார் சொல்ல, கேரள முதல்வர் பினராயி விஜயன் நம்ம முதல்வராயிருந்த எடப்பாடி பழனிசாமிக்குக் கடிதமே எழுதினார். நாலு கையெழுத்தும் ஆறு மணி நேர இடைவெளியும் சந்தேகத்துக்கு எதிரான பூட்டுகள்தான், ஆனா பூட்டு சரியா போட்டிருக்கா என்று பார்க்க குடும்பத்துக்கு உரிமை இருப்பது தெரியணும். சம்மதத்துக்கு முன்னால் சோதனை முடிவுகளை விளக்கச் சொல்லிக் கேட்கலாம். சம்மதத்துக்குப் பிறகு உடம்பைப் பராமரிக்கிற, உறுப்பை எடுக்கிற செலவில் ஒரு ரூபாய்கூடக் குடும்பத்திடம் வாங்கக் கூடாது என்று 2014 விதிகள் சொல்லுது. "கொடுத்தா பில் தள்ளுபடி" என்று யாராவது பேரம் பேசினா, அது தானமே இல்லை. அந்த இடத்திலேயே கேள்வி கேட்கணும். விபத்துக் கேஸ் என்பதால் போலீஸும் போஸ்ட்மார்ட்டமும் உண்டு. உறுப்பு எடுப்பதோடு சேர்த்து அதையும் ஏற்பாடு பண்ணலாம். 2021 நவம்பரிலிருந்து, வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பிறகும் போஸ்ட்மார்ட்டம் செய்ய மத்திய அரசு அனுமதிச்சிருக்கு, அதில் தானக் கேஸ்களுக்கு முன்னுரிமை. "பாடி கிடைக்க மூணு நாள் ஆகும்" என்று வாசலில் நிற்கும் யாரோ சொன்னா நம்பிடாதீங்க.

ஆன்லைனில் உறுதிமொழி கொடுத்து கார்டு வாங்கி ஸ்டேட்டஸ் போடுறோம், நல்லதுதான். ஆனா நிஜத்தில் அந்த இரவு ஒருங்கிணைப்பாளர் போய் உட்காருவது உங்க அம்மா எதிரில். கார்டு இருந்தாலும் குடும்பம் சம்மதிக்கணும். நீங்க வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அம்மாவுக்கு அது "அவன் கேட்டதை நான் செய்றேன்" என்ற நிலை. சொல்லலைன்னா, வாழ்க்கையின் மோசமான ராத்திரியில் அவங்களே முதல்முதலா யோசிக்கணும். "வேண்டாம்" என்று சொன்னாலும் அது அவங்க உரிமை, அதற்காக யாரும் திட்டவோ சிகிச்சையில் குறை வைக்கவோ முடியாது.

சம்மதம் இருந்தா, எல்லா டீமும் வந்த பிறகு உடம்பைத் தியேட்டருக்குக் கொண்டுபோறாங்க. பல இடங்களில் கத்தி வைக்கும் முன்னால் எல்லாரும் ஒரு நிமிஷம் மௌனமா நிற்கிறாங்க. முக்கிய ரத்தக்குழாயை அடைச்சு, உறுப்புகளுக்குள் குளிர்ந்த திரவத்தை ஓட விடும்போது இதயம் நிற்கும். அப்போதான் மயக்கவியல் டாக்டர் வென்டிலேட்டரை அணைக்கிறார். மற்ற ஆபரேஷன் மாதிரியே தையல் போட்டு, உடம்பைச் சுத்தம் பண்ணி ஒப்படைக்கிறாங்க; முகம் மாறாது. 2023 செப்டம்பரில் முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்ததிலிருந்து தானம் கொடுத்தவரின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை உண்டு. மாவட்ட நிர்வாகத்திலிருந்து மாலையோடு வருவாங்க, சேலம் டவுனாக இருந்தாலும் சேர்வராயன் மலையில் ஏதாவது ஒரு ஊராக இருந்தாலும்.

ஒரு சின்ன விஷயம் பாக்கி. இதெல்லாம் ஐசியுவில் வென்டிலேட்டரோடு இறந்தவருக்கு மட்டும்தான் பொருந்தும். மலையிலேயே, வழியிலேயே இதயம் நின்றுபோனவரிடம் இதயமோ கல்லீரலோ எடுக்க முடியாது. கருவிழி எடுக்கலாம். அதற்கு ஆறு மணி நேரம் வரை அவகாசம் உண்டு. ஃபேனை நிறுத்தி, இரண்டு இமையையும் மூடி, மேலே ஈரப் பஞ்சு வெச்சு, தலையைக் கொஞ்சம் உயர்த்தி வெச்சுட்டு கண் வங்கிக்கு போன் பண்ணினா அவங்களே வந்து எடுத்துக்குவாங்க. கண்ணாடி போட்டிருந்தவரா, சர்க்கரை வியாதி இருந்ததா என்பதெல்லாம் தடை இல்லை.